எங்கள் ஒழுங்கைக்குக் கள்வன் வந்த கதை

2022 ஜூலைக் கடைசியில் எங்கள் காரின் பின்கதவுக் கண்ணாடியை உடைத்த பெற்றோல் கள்வனைப் பற்றி, கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலே ஏறும் எங்கள் ஒழுங்கையில் கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். அவனை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் எந்தப் பக்கத்தால் வந்தான், மின்வெட்டு நேரத்தில் வந்தானா விடியப்புறம் வந்தானா, யாருடைய பிள்ளையாக இருக்கலாம் என்பதெல்லாம் பேசி முடிவாகிவிட்டது. அந்தக் கள்வன் நான். சுத்தியல் என் வீட்டுச் சுத்தியல். கார் என் கார். அதன் திறப்பு அந்த நேரத்தில் என் சட்டைப் பையில் கிடந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஈய அமில மின்கலத்தை நான் படிப்பித்த மாதிரி கண்டியில் இன்னொருவர் படிப்பித்திருக்க மாட்டார் என்ற நினைப்பு எனக்கு இன்றைக்கும் உண்டு. ஒரு பக்கம் ஈயத் தட்டு, மறுபக்கம் ஈயவீரொட்சைட்டுத் தட்டு, நடுவில் ஐதான சல்பூரிக்கமிலம். கலம் ஒன்றுக்கு இரண்டு வோல்ற்றுக்குச் சற்று மேல். ஆறு கலம் சேர்ந்தால் கார்ப் பற்றரி. 1859 இல் பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே இதைச் செய்தார் என்ற கதையையும் பரீட்சைக்கு வராது என்று தெரிந்தே சொல்லுவேன். ஒழுங்கையில் எனக்குப் பெயர் கிடையாது, ‘சேர்’ மட்டும்தான். யார் வீட்டில் தண்ணீர் மோட்டார் நின்றாலும், இன்வேட்டர் சத்தம் போட்டாலும், கேள்வி என்னிடம் வரும். தெரியாது என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. தெரியாத இடத்தில் பொதுவாக ஏதாவது சொல்லி, கடைசியில் ‘எதுக்கும் ஒருக்கா ஆளைக் கூப்பிட்டுப் பாருங்க’ என்று முடிப்பேன். ஆள் வந்து சரி செய்த பிறகும் பேர் எனக்குத்தான் கிடைக்கும்.

கார் ஒரு டொயோட்டா அக்வா, ஹைபிரிட். ஜப்பானில் யாரோ ஓட்டி, கப்பலில் வந்து, இங்கே எங்கள் கைக்கு வந்தது. அதோடு வந்த கையேடு முழுக்க ஜப்பான் எழுத்து. ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு ஜப்பான்காரப் பெண் மிகுந்த மரியாதையோடு ஏதோ சொல்லுவாள். அந்த நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று முறையிடுகிறாள் என்பதைப் பிறகு அறிந்தேன். இலங்கையில் ஆயிரக்கணக்கான கார்களுக்குள் அவள் நாள் தவறாமல் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கையேட்டை நான் கையுறைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அதன் ஆங்கிலப் பிரதியை இணையத்தில் எடுத்துப் படிக்கலாம் என்று மருமகன் சொன்னான். கார் ஓட்டப் புத்தகம் எதற்கு என்று கேட்டேன்.

அந்த நெருக்கடி வருடத்தை நினைவுபடுத்தத் தேவையில்லை. தொடக்கத்தில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் 26 இல் 470 ஆனது. அடுத்த நாள் நள்ளிரவிலிருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனை வீதியிலும் பெற்றோல் ஷெட் வாசலிலிருந்து வளைவுக்கு வளைவு வாகனங்கள் நின்றன. பெற்றோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். சிலர் வரிசையில் காரைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். வந்து பார்த்தால் பற்றரி செத்திருக்கும். எங்கள் கார் வரிசைக்கும் போகவில்லை. தாங்கியின் அடியில் கொஞ்சம் பெற்றோல் இருக்க, முற்றத்தில் நின்றது.

நின்ற கார் என்றால் ஒன்றும் செலவாகாது என்று நினைப்பது என்னைப் போன்றவர்களின் பிழை. கடிகாரம், அலாரம், திறப்பு பக்கத்தில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் ரிசீவர், எல்லாம் சேர்ந்து ஒரு முப்பது மில்லி அம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி. 35 அம்பியர் மணிப் பற்றரி ஒன்று, புதிதாகவே இருந்தாலும், மூன்றரைக் கிழமையில் பாதியாகும். கரும்பலகையில் இரண்டு வரியில் போடக்கூடிய கணக்கு. நான் போடவில்லை. போதாக்குறைக்குத் திறப்பை முற்றத்துச் சுவர் ஆணியில், காருக்குக் கையெட்டும் தூரத்தில் மாட்டி வைத்திருந்தேன். அப்படி வைத்தால் காரும் திறப்பும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும், இரண்டு பற்றரியும் இறங்கும் என்று நான் திறந்து பார்க்காத அந்தக் கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள்.

இதுவும் முழுக் காரணம் அல்ல. மின்வெட்டு நேரத்தில் நான் காருக்குள் போய் உட்கார்ந்து வானொலி கேட்டேன். ஜூலை 9 இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்த செய்தியையும், ஜனாதிபதி கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து பதவி விலகிய செய்தியையும் அந்த இருக்கையிலிருந்துதான் கேட்டேன். பெற்றோல் செலவாகக் கூடாதென்று பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை மட்டும் அழுத்தி வானொலியைப் போடுவேன். ஹைபிரிட் காரில் டைனமோ கிடையாது. ‘ரெடி’ விளக்கு எரிந்தால்தான் காரை ஓட்டும் பெரிய பற்றரி 12 வோல்ற்றுச் சின்னப் பற்றரிக்கு ஊட்டும். விளக்கு எரியாமல் வானொலி கேட்டால் சின்னது தனியாகத் தேயும். பெரியதில் எவ்வளவு நிறைந்திருந்தாலும் பயனில்லை, அதை இணைக்கும் ரிலேக்களை மூடவே சின்னதின் 12 வோல்ற்று வேண்டும். தாழ்வாரத்தில் காசுப்பெட்டி நிறைந்திருக்கத் தேநீருக்குச் சில்லறை இல்லாத வீடு மாதிரி. நாட்டு நிலைமைக்கு அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே என் பற்றரியை நானே உறிஞ்சி முடித்தேன்.

பிறகு எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து நாட்கள். எங்கள் எண்ணுக்குரிய நாள் காலை, மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கைப்பிடியைத் தொட்டேன், திறக்கவில்லை. திறப்பின் பொத்தானை அழுத்தினேன். சுவரருகே, கூரையருகே, தலைக்கு மேல் உயர்த்தி, எல்லாம் அழுத்தினேன். முதலில் திறப்புக்குள் இருக்கும் காசு வடிவப் பற்றரிதான் போயிருக்கிறதென்று, அடுக்குப்பெட்டியில் கிடந்த ஒன்றை மாற்றிப் பார்த்தேன். அதை மாற்றுவதற்கு மூடியைக் கழற்றும்போது உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த இரும்புத் தகடு என் விரலில் பட்டது. சத்தியமாகப் பட்டது. ஏதோ உறுதிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பச் செருகி மூடினேன்.

ஓட்டுநர் கதவுக் கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு திறப்புத் துவாரம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். மழைத்தண்ணீர் துடைக்கும்போது தினமும் துடைத்த துவாரம். செருகும் திறப்பே இல்லாத காருக்கு ஏன் துவாரம் என்று ஒரு நாளாவது கேட்டிருந்தால் போதும். பத்து வயதுப் பிள்ளை கேட்கும் கேள்வி அது.

ஒழுங்கை முனையில் ஆட்டோ நிறுத்தும் அண்ணனிடம் கேட்டிருக்கலாம். அடுத்த வீட்டுப் பையன் கொழும்பில் கார் விற்கும் இடத்தில் வேலை செய்கிறான். தொலைபேசியில் ஒரு நிமிடம். நான் படலையைச் சாத்தி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். நான் செய்த முதல் காரியம் இதுதான் என்பதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது. பிறகு உடுப்புக் கம்பியை நீட்டிக் கதவு ரப்பருக்குள் விட்டுப் பார்த்தேன். பழைய மொரிஸ் மைனரில் அடிமட்டத்தால் கதவு திறந்தவன் நான். அந்தக் காருக்குப் பற்றரி இறந்தால் முன்னால் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுழற்றலாம். கண்டிக்காரர் அதையும் செய்ய மாட்டார்கள், இரவில் காரை இறக்கம் பார்த்து நிறுத்திவிட்டுக் காலையில் உருட்டி இரண்டாம் கியரில் கிளச்சை விடுவார்கள். ஹந்தானை வீதியில் பாதிக் கார்கள் ஒருகாலத்தில் அப்படித்தான் வேலைக்குப் போயின. அக்வாவை உருட்டினால் பள்ளத்துக்குத்தான் போகும்.

மழை பிடித்தது. ஷெட்டில் வரிசை நீண்டுகொண்டிருக்கும் என்ற எண்ணம் வேறு. சுத்தியலை எடுத்தேன். ஒழுங்கைக்குத் தெரியாத பக்கம், பின்கதவுக் கண்ணாடி. நடுவில் அடித்தேன், சுத்தியல் துள்ளித் திரும்பியது. பக்கக் கண்ணாடிகள் சூடாக்கிச் சட்டென்று குளிர்விக்கப்பட்டவை; மேற்பரப்பு அமுக்கத்தில் இருப்பதால் தட்டையான அடியைத் தாங்கும். அழுத்தம் என்பது விசையின் கீழ் பரப்பு. கொங்கிரீட் ஆணியின் கூர்முனையை மூலையில் வைத்துத் தட்டினேன். ஒரே தட்டு. முழுக் கண்ணாடியும் சீனிக்கட்டி அளவில் கொட்டியது. அந்தக் கணத்தில் எனக்கு வந்தது வெட்கம் இல்லை, பெருமை. படிப்பித்தது வேலை செய்தது என்ற பெருமை. அலாரம் அடிக்கவில்லை, அடிக்க மின்சாரம் ஏது.

கையை விட்டுக் கதவைத் திறந்து, முன்னால் போய், பொனட் நெம்பை இழுத்தேன். அது வயரால் இழுபடுவது, வேலை செய்தது. பொனட்டைத் தூக்கினேன். உள்ளே எல்லாம் இருந்தது, பற்றரியைத் தவிர. எத்தனை நேரம் அந்த எஞ்சினுக்குள் தலையை விட்டுத் தேடினேன் என்று சொல்ல மாட்டேன். அக்வாவில் அது பின்னிருக்கைக்குக் கீழே இருக்கிறது. கண்ணாடித் துகள்களெல்லாம் கொட்டிக் கிடந்தது அதற்கு மேலேதான்.

மனைவி வந்தபோது நான் துகள்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

“என்னங்க இது, யாரு உடைச்சது?” என்று கேட்டாள்.

அவள் ‘யாரு’ என்று கேட்டாள். ‘எப்படி’ என்று கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். “பெற்றோல் எடுக்க வந்திருக்கிறானுகள் போல” என்று வாய் சொன்னது. அந்த மாதத்தில் அதைவிட நம்பத்தக்க பொய் இலங்கையில் இல்லை. இரவில் குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்ற கதை ஊரெல்லாம் ஓடியது, பூட்டுள்ள தாங்கி மூடிகளைத் தேடி சனம் அலைந்தது.

பின்னேரத்துக்குள் ஒழுங்கையே முற்றத்துக்கு வந்துவிட்டது. மேல் வீட்டு ஓய்வுபெற்ற வங்கிக்காரர்தான் முதலில் சொன்னார்: “அந்தப் புல்லு வெட்ட வர்ற பையன், மஹியாவக்காரன், ரெண்டு நாளா இந்தப் பக்கம் சுத்திக்கிட்டிருந்தான்.”

மஹியாவ எங்களுக்குக் கீழே, நடந்து போகும் தூரம். வெள்ளைக்காரன் காலத்தில் நகரத்தைத் துப்புரவு செய்யத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். இந்த நகரத்தின் குப்பையை அள்ளியவர்கள் அவர்கள். கண்டித் தமிழர்களாகிய நாங்கள் தோட்டத்துச் சனத்தின் துயரத்தை மேடையில் பேசுவோம். மஹியாவ என்று முகவரி சொன்னால் நாற்காலியை எடுத்துப் போடுவதற்குச் சற்று யோசிப்போம். நான் யோசித்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு எங்கள் வீட்டில் தேநீர் கொடுப்பது தனிக் கோப்பையில். அது யார் வைத்த ஏற்பாடு என்று கேட்டால், யாரும் வைக்கவில்லை, இருந்தது.

வங்கிக்காரர் சொன்னதும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சொன்ன வசனம் இது: “பார்க்காம யாரையும் சொல்லக் கூடாதுங்க.”

நல்ல வசனம். நீதிமன்றத்தில்கூட யாரும் பிழை சொல்ல முடியாது. ஆனால் அவனாக இருக்காது என்று நான் சொல்லவில்லை. இருக்கலாம், ஆனால் நான் பெருந்தன்மையானவன் என்று சொன்னேன். பொலிஸில் முறைப்பாடு போடுவோம் என்றார்கள். “பாவம், யாரோ கஷ்டத்தில் செஞ்சது, விடுங்க” என்றேன். முறைப்பாடு போட்டால் பொலிஸ்காரன் முதல் கேட்கப் போவது திறப்பைத்தான் என்ற பயம் எனக்கு. சேருக்கு எவ்வளவு நல்ல மனசு என்று ஒரு அம்மா கண் கலங்கினார். அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் ஒரு மெக்கானிக் பாஸ் வந்தார், கெட்டம்பே பக்கமிருந்து, மேடெல்லாம் சைக்கிள் தள்ளிக்கொண்டு. கைப்பிடியில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று. இதை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஹைபிரிட்டில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரி. சின்னதின் வேலை கணினிகளை எழுப்பி ரிலேக்களை மூடுவது மட்டும், அதற்கு அவ்வளவு போதும். பொனட்டைத் தூக்கி, பியூஸ் பெட்டி மூடியைத் திறந்து, உள்ளே இருந்த நேர்முனையில் சிவப்பு வயரைக் கவ்வ வைத்தார். கறுப்பு வயரை வர்ணமில்லாத ஒரு ஆணித்தலையில். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார். ‘ரெடி’ எரிந்தது. ஜப்பான்காரி கட்டண அட்டையைக் கேட்டாள். கதவு திறந்திருந்தால் முழு வேலைக்கும் ஒரு சுருட்டுப் பிடிக்கும் நேரம் ஆகாது.

பிறகு திறப்பைத் தரச் சொன்னார். பெருவிரலால் பக்கத்துச் சின்ன நாக்கைத் தள்ளி, இரும்புத் தகட்டை உருவி, ஓட்டுநர் கதவுத் துவாரத்தில் விட்டுத் திருப்பினார். பூட்டியது, திறந்தது. தகட்டை மறுபடி உள்ளே தள்ளித் திறப்பை என் கையில் வைத்தார். பொலித்தீன் ஒட்டிய பின்கதவைப் பார்த்தார். மேல் வீட்டுக்காரர்கள் கள்வன் கதையை ஏற்கனவே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பெற்றோல் மூடியைத் திறக்கும் நெம்பு ஓட்டுநர் இருக்கைக்கு அருகே. பெற்றோல் அளவைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: “பெற்றோல் எடுக்கவில்லையா சேர்?”

இல்லை என்றேன். கூலியை வாங்கிக்கொண்டு போனார். ஊரில் யாரிடமும் அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

கண்ணாடிக்குத்தான் பெரிய அலைச்சல். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். கடைசியில் கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய கதவிலிருந்து கழற்றி அனுப்பினார்கள். காப்புறுதியில் கேட்கவில்லை, அதற்கு பொலிஸ் பதிவு வேண்டும்.

பையனை ஒழுங்கையில் எல்லோரும் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. வேலை இல்லை தம்பி, பிறகு பார்ப்போம், அவ்வளவுதான். ஒருநாள் எங்கள் படலையில் நின்று “புல்லு வளர்ந்திருக்கு சேர்” என்றான். நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்தேன். மனைவிதான் போய் வேண்டாம் என்றாள். அவள் நம்பியதைத்தான் செய்தாள். அந்த செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் என்று பத்திரிகையில் படித்து, ஏழைச் சனம் என்ன செய்யும் என்று வங்கிக்காரரிடம் நான் விசனப்பட்டேன். நாளுக்கு நாள் கூலியில் வாழ்ந்த ஒருவனிடமிருந்து ஒரு முழு ஒழுங்கையை நான் பறித்திருந்தேன்.

இதற்கு மேலும் ஒன்று. கள்வன் பயத்தில் எல்லோரும் காசு சேர்த்து ஒழுங்கை முனையில் கண்காணிப்புக் கமரா பூட்டினார்கள். பொருளாளர் நான். எந்தத் திசையைப் பார்த்துப் பூட்டுவது என்று வாக்குவாதம் வந்தபோது, மஹியாவப் படிக்கட்டைப் பார்த்து என்று முடிவானது. மின்வெட்டில் அது வேலை செய்யாது என்று நான் விளக்கினேன். தொழில்நுட்ப ஆலோசனை என்றால் நான் பின்னிற்க மாட்டேன்.

ஒரு வருடம் கழித்து அவனைக் கண்டி மத்திய சந்தையில் கண்டேன், மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். “சேர், சுகமா?” என்றான். சிரித்தான். அவன் மேல் அப்படி ஒரு சந்தேகம் இருந்தது அவனுக்குத் தெரியுமா என்றுகூட என்னால் ஊகிக்க முடியவில்லை. போஞ்சி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி மறுபடி திறந்த பிறகு அக்வாவை விற்றோம். வாங்க வந்தவர்களுக்கு நான் காரைக் காட்டினேன். திறப்பை எடுத்து, நாக்கைத் தள்ளி, தகட்டை உருவிக் காட்டி, “இது கன பேருக்குத் தெரியாது, பற்றரி செத்தா இதுதான் உயிர்” என்றேன். வீட்டுக்குப் போனதும் எல்லோரும் தங்கள் திறப்பில் இதை ஒருதரம் உருவிப் பழகிக்கொள்ள வேண்டும் என்றும் அறிவுரை சொன்னேன். சேருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று வாங்கியவர் சிரித்தார். மனைவி தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். அவர்கள் போன பிறகு கேட்டாள்:

“இந்தத் தகடு அப்பவும் அதுக்குள்ளதான் இருந்திச்சா?”

“இருந்திச்சு.”

அன்றைக்கு அவள் என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் பேசினாள், அதை இங்கே எழுத முடியாது. எழுதித் தாருங்கள், நான் வங்கிக்காரர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று முடித்தாள். கமராக் காசில் அவரவர் பங்கைத் திருப்பிக் கொடுக்கக் கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன். கமராவைக் கழற்றுவதா திருப்புவதா என்பதைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளட்டும். பையனின் அம்மா மாநகரசபையில் வேலை செய்தவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவன் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. சந்தையில் போஞ்சிக் கடைக்காரரிடம் அடையாளம் சொல்லியிருக்கிறேன், இப்போது அவன் தம்புள்ளைப் பக்கம் லொறியில் போவதாகச் சொல்கிறார், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.